டர்போ டீசல் லாரியில் புகை வெப்ப சென்சார்: டர்போவுக்கு முன்னாலா, பின்னாலா?

ஏற்றப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது ஆறு சிலிண்டர் டர்போ டீசல் லாரி. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் உண்டு. முன்பு வைத்திருந்தவர் பம்பில் டீசலைக் கூட்டி வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். காலியாக ஓடும்போது நன்றாக இழுக்கிறது. முழு லோடு ஏற்றி நீளமான மேட்டில் ஏறும்போதுதான் கவலை. பின்னால் கரும்புகை தெரிகிறது, மேலே போய் நிறுத்தினால் போனட் பக்கம் நெருங்க முடியாத அனல். ரேடியேட்டர் வெப்ப முள் மட்டும் நடுவிலேயே நிற்கிறது, அசைவதே இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த முள்ளைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பது புரிகிறது.

அதனால் புகை வெப்பத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கூடவே கே வகை தெர்மோகப்பிள் சென்சார் (இரண்டு உலோகக் கம்பிகளைச் சேர்த்து வெப்பத்தை அளப்பது), அதைப் பிடித்து நிறுத்த 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் குழாய் மரை) மரை போட்ட பித்தான், இரண்டு மீட்டர் ஒயர் வந்திருக்கிறது. எங்கே மாட்டுவது என்பதில்தான் குழப்பம். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டில் துளை போட்டு டர்போவுக்கு முன்னால் மாட்டச் சொல்கிறார்கள் சிலர். துளை போட்ட இரும்புத்தூள் டர்போவுக்குள் போனால் கதை முடிந்தது, பின்னால் டவுன்பைப்பில் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) வை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறார்கள்.

என் கேள்விகள் இவைதான். இரண்டு இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் காட்டும்? முன்னால்தான் என்றால் மேனிஃபோல்டில் சரியாக எந்த இடம்? கழற்றாமல் துளை போடலாமா? மேனிஃபோல்ட் போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன, கை வைத்தால் முறியும் போலத் தெரிகிறது.

நீலச்சுடர் எழுதியது:

வெல்டிங் வேலை செய்கிறவன் நான். டவுன்பைப் என்பதுதான் என் ஓட்டு. டர்போ வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பைப்பில் ஒரு பித்தான் வைத்து வெல்டு அடித்தால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். பைப்பைத் தனியாகக் கழற்றி மேசையில் வைத்து அடிக்கலாம். தூள் விழுந்தாலும் சைலன்சர் வழியாக வெளியே போகும். சென்சார் முனை ஒருநாள் உடைந்தால் அதுவும் வெளியேதான் போகும், டர்பைன் (புகை சுழற்றும் டர்போ சக்கரம்) இறக்கையில் மோதாது. காட்டுகிற அளவோடு 150 டிகிரியைக் கூட்டிக்கொள்ளுங்கள், முன்னால் இருக்கும் வெப்பம் கிடைத்துவிடும். பலர் வருடக்கணக்கில் இப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பைப்பை வண்டியிலேயே வைத்து வெல்டு அடிப்பதாக இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அடியுங்கள். எர்த் கிளிப்பை வெல்டு அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். கரன்ட் டர்போ பேரிங் வழியாகப் போகக் கூடாது.

சுழல்தண்டு எழுதியது:

தம்பி, நான் டர்போ கழற்றி மாட்டுகிற பட்டறை வைத்திருக்கிறேன். வெப்பத்தால் கெட்டுப்போன டர்போக்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சென்சார் டர்பைனுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்தால் இடத்தை நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

முதலில் நீலச்சுடர் சொன்ன அந்த 150 டிகிரி. அது மாறாத எண் கிடையாது. டர்பைன் தன் சக்தியைப் புகையின் வெப்பத்திலிருந்தும் அழுத்தத்திலிருந்தும்தான் எடுக்கிறது. எவ்வளவு வேலை வாங்குகிறதோ அவ்வளவு வெப்பம் குறையும். ஐடிலில் டர்போ ஒன்றும் செய்வதில்லை, முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சமதளத்தில் மெதுவாக ஓடும்போது வித்தியாசம் கொஞ்சம்தான். முழு லோடில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறி நிற்கும்போது 100 முதல் 160 டிகிரி செல்சியஸ் வரை போகும். வேஸ்ட்கேட் உள்ள டர்போ என்றால், கேட் திறந்ததும் ஒரு பங்கு புகை டர்பைனைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போய் டவுன்பைப்பில் கலக்கிறது. அப்போது கணக்கு மறுபடி மாறும். நீ எந்த எண்ணைக் கூட்டுவாய்? உனக்குச் சரியான அளவு தேவைப்படுகிற நேரத்தில்தான் அந்தக் கணக்கு அதிகம் தவறும்.

அடுத்தது தாமதம். டர்பைன் வீடு கனமான வார்ப்பு இரும்பு. மேட்டில் மிதித்தவுடன் புகை சூடாகிறது. ஆனால் அந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை பின்னால் இருக்கும் முள் மெதுவாகத்தான் ஏறும். நீ முள்ளைப் பார்த்துக் காலை எடுப்பதற்குள் பிஸ்டனுக்கு வர வேண்டியது வந்திருக்கும்.

பிஸ்டனைச் சொல்லாமல் இந்த விஷயம் முடியாது. பிஸ்டன் அலுமினியம்–சிலிக்கான் கலவை. அந்தக் கலவை 600 டிகிரியைத் தொடுவதற்கு முன்பே உருக ஆரம்பிக்கும். 700 டிகிரி புகையில் அது ஏன் உருகுவதில்லை என்றால், எரிதல் நான்கு ஸ்ட்ரோக்கில் கொஞ்ச நேரம்தான் நடக்கிறது, மீதி நேரம் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சி வெப்பத்தை எடுத்துப் போகிறது. இந்தச் சமநிலை குலைந்தால் முதலில் போவது பிஸ்டன் தலையில் இருக்கும் குழியின் உதடு. அந்த விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும், கூர்மையாக இருக்க வேண்டிய இடம் மழுங்கி, மெழுகு வழிந்தது போல் இருக்கும். அதன் பிறகு மேனிஃபோல்டில் இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் விழும். டர்பைன் வீட்டின் நாக்குப் பகுதியும் வெடிக்கும்.

இன்னொன்றும் மனதில் வைத்துக்கொள். பெட்ரோல் வண்டி ஆட்கள் சொல்வதை இங்கே கேட்காதே. அங்கே எரிபொருளைக் கூட்டினால் புகை குளிரும் என்பார்கள். டீசலில் அது தலைகீழ். டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் மிச்சமாக இருக்கிறது. டீசலைக் கூட்டக் கூட்ட வெப்பம் ஏறும், அவ்வளவுதான். உன் பம்பைத் திருகி வைத்திருக்கிறார்கள் என்றால், எல்லையைத் தாண்டும் வசதி உன் கால் கட்டைவிரலில் இருக்கிறது என்று அர்த்தம். மலை உயரத்தில் காற்று மெலிந்தால் அதே மிதிப்புக்கு இன்னும் சூடாகும்.

இனி இடம். மேனிஃபோல்டில் எல்லாச் சிலிண்டர் புகையும் ஒன்று சேர்ந்து டர்போவுக்குள் நுழையப் போகிற வயிற்றுப் பகுதி இருக்கிறதல்லவா, அதுதான் சென்சாரின் இடம். ஒரு சிலிண்டரின் கிளைக்குழாயில் வைத்தால் அந்த ஒரு சிலிண்டரின் கதை மட்டும்தான் தெரியும். வளைவின் உள்பக்கம் வேண்டாம், அங்கே புகை ஒதுங்கி ஓடும். டர்போவை இணைக்கும் ஃபிளாஞ்சுக்கு மிக நெருக்கமாகவும் வேண்டாம், நட்டுக்கு ஸ்பானர் போடும் இடம் போய்விடும், கேஸ்கெட் முகத்திலிருந்து விரிசல் கிளம்பவும் வழியாகும். வெளியிலிருந்து தடவிப் பார். வார்ப்பில் கொஞ்சம் தடித்த மேடு தென்பட்டால் அதுதான் நல்ல இடம். சில மேனிஃபோல்டுகளில் கம்பெனியே மரை போட்டு ஒரு பிளக் வைத்திருக்கும். துருவுக்கு அடியில் அது மறைந்திருக்கலாம். ஒயர் பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் ட்ரில்லை எடு.

முனை எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதும் முக்கியம். குழாயின் நடுப்பகுதிக்கு வர வேண்டும். சுவரை ஒட்டி இருந்தால் சுவரின் குளிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும், எண் குறைவாக வரும். தண்டு குட்டையாக உள்ளே இருந்தால் வெப்பம் தண்டு வழியே பித்தானுக்கு ஓடிவிடும், அதனாலும் குறையும். எதிர்ச்சுவரில் இடிக்கும்படி நீட்டாதே. பித்தானில் இருக்கும் சின்ன வளையத்தை இறுக்குவதற்கு முன்பு தண்டை நகர்த்தி அளவு வைக்கலாம். இறுக்கிய பிறகு அது தண்டைக் கவ்விக்கொள்ளும், பிறகு மாற்ற முடியாது. அதனால் முதலில் பென்சிலால் குறி போட்டுக்கொள்.

சென்சார் உடைந்து டர்பைனில் விழும் என்ற பயம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. நுனி மூடிய இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலவை) உறை போட்ட சென்சார் எளிதில் உடையாது. நுனி திறந்த வகை சட்டென்று பதில் சொல்லும், ஆனால் லாரிக்கு அது வேண்டாம். 3 மில்லி தண்டு வேகமாகக் காட்டும், 6 மில்லி தண்டு தாமதமாகக் காட்டும் ஆனால் அதிக நாள் தாங்கும். ஓயாமல் லோடு அடிக்கிற வண்டிக்கு 5, 6 மில்லி தண்டு போதும். சர்வீசில் வெளியே எடுத்து நுனியைப் பார். உறை செதில் உதிர்ந்து மெலிந்திருந்தால் தயங்காமல் மாற்று.

டவுன்பைப்பில் வைத்தால் ஒரே ஒரு விஷயம் நன்றாகத் தெரியும், அதைச் சொல்லாமல் விட்டால் நீலச்சுடருக்கு நியாயம் செய்ததாகாது. மேட்டிலிருந்து வந்து எஞ்சினை அணைக்கும் நேரம். காலை எடுத்ததும் முன்பக்க முள் சடாரென்று இறங்கிவிடும், டர்பைன் வீடு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். பின்பக்க முள் அந்த இரும்பின் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டுவதால், அணைக்கலாமா என்பதை அது சரியாகச் சொல்லும். முன்னால் வைத்தவன் இதற்கு ஈடாக முள் இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஐடிலில் விட வேண்டும். 200 டிகிரிக்குக் கீழே வந்து அப்படியே நின்ற பிறகு அணைத்தால் பேரிங்கில் எண்ணெய் கருகாது.

ஏற்றப்பாதை எழுதியது:

அண்ணே, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. நன்றி. பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், பிளக் எதுவும் இல்லை. தடித்த மேடு ஒன்று வெளிப்பக்கம் இருக்கிறது. ஆனால் டர்போ ஃபிளாஞ்சில் நடுவே ஒரு சுவர் தெரிகிறது. முன் மூன்று சிலிண்டர் ஒரு பக்கம், பின் மூன்று ஒரு பக்கம் என்று பிரிந்து வருகிறது. எல்லாப் புகையும் சேரும் இடமே இல்லையே? அப்புறம் அந்தத் துருப்பிடித்த போல்ட் விஷயம். ஹெட்டுக்குள் முறிந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும் என்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டுத் துளை போட்டால் புகையே தூளை வெளியே தள்ளிவிடும் என்றும் ஒருவர் சொன்னார்.

சுழல்தண்டு எழுதியது:

பிரிந்த ஃபிளாஞ்ச் என்பது நல்ல விஷயம்தான். ஆறு சிலிண்டரில் எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் சரி இடைவெளியில், 240 டிகிரிக்கு ஒன்றாக எரிகின்றன. பின் மூன்றும் அப்படியே. ஒன்றின் புகை அடி இன்னொன்றின் வால்வில் மோதாமல் இருக்கத்தான் நடுவே சுவர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். அந்தச் சுவரில் மட்டும் துளை போட்டுவிடாதே.

எந்தப் பக்கம் என்றால், ஒரு பக்கத்தில் சென்சாரை மாட்டினால் மூன்று சிலிண்டரின் வெப்பம்தான் தெரியும். மறுபக்கத்தில் ஒரு இன்ஜெக்டர் கெட்டு டீசலைக் கொட்டினால் உன் முள்ளுக்கு அது தெரியாது. ஆகவே வேலையோடு வேலையாக இரண்டு பக்கமும் துளை போட்டு மரை எடு. ஒன்றில் சென்சார், மற்றதில் பிளக். முதல் சில லோடில் சென்சாரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார், எந்தப் பக்கம் அதிகமாகக் காட்டுகிறதோ அங்கேயே விட்டுவிடு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் சென்சாரைக் குறை சொல்லாதே, இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடு.

எஞ்சினை ஓடவிட்டுத் துளை போடும் வித்தை எனக்குத் தெரியும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்யச் சொல்ல மாட்டேன். ஓடுகிற ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் ட்ரில்லைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே சூடான புகை அடிக்க, மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடைச் சுவாசித்துக்கொண்டு செய்கிற வேலை அது. மரை எடுக்கும்போது விழும் தூளில் எவ்வளவு வெளியே வந்தது என்பதும் உனக்குத் தெரியப் போவதில்லை. டர்பைன் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று சுற்றும் சாமான். அரிசியில் பாதி அளவு இரும்புத் துணுக்கு அதன் இறக்கை விளிம்பைக் கொறித்தால் போதும், சமநிலை போய் பேரிங்கும் சேர்ந்து போகும். அப்படிக் கொறிபட்ட சக்கரங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இறக்கை நுனிகள் எலி கடித்த ஓலை மாதிரி இருக்கும்.

உனக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. மேனிஃபோல்டை ஹெட்டிலேயே விட்டுவிட்டு டர்போவை மட்டும் இறக்கு. நான்கு நட்டு, எண்ணெய் வரும் குழாய், எண்ணெய் இறங்கும் குழாய், காற்றுக் குழாய்கள், டவுன்பைப். அந்த நான்கு நட்டும் துருப்பிடித்துத்தான் இருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வை. மறுநாள் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி ஊற்று. நட்டை ஒரேயடியாகக் கழற்றாதே, கால் சுற்று தளர்த்து, மறுபடி இறுக்கு, தளர்த்து. இங்கே ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்தாலும் ஹெட்டைத் தொட வேண்டியதில்லை என்பதுதான் நிம்மதி.

டர்போ வெளியே வந்ததும் மேனிஃபோல்டின் வாய் உனக்கு நேராகத் தெரியும். சிலிண்டர் பக்கம் போகிற இரண்டு வழியிலும் துணியைத் திணி. துணியில் நூல் கட்டி நூல் நுனி வெளியே தொங்கட்டும். எத்தனை துணி உள்ளே போனது என்று எழுதி வைத்துக்கொள். திறந்த எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் ஒரு துணுக்கும் போகக் கூடாது.

துளை போடும் முறை: சென்டர் பஞ்ச் அடித்து 3 மில்லி பிட்டில் ஆரம்பி. அப்புறம் 6, கடைசியில் 8.7. பிட்டின் பள்ளத்தில் கிரீஸை அப்பி வை, தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் போட்டு எடுத்துத் துடைத்து மறுபடி கிரீஸ் தடவு. வார்ப்பு இரும்பு சுருளாக வராது, கரித்தூள் மாதிரி பொடியாகத்தான் வரும். உள்பக்கம் உடைந்து திறக்கப் போகிற நேரத்தில் ட்ரில்லின் சத்தம் மாறும், கைக்குப் பிடிமானம் குறைவது தெரியும். அங்கே அழுத்தத்தை விட்டுவிட்டு பிட் தன் எடையிலேயே அறுக்கும்படி பிடி. இல்லாவிட்டால் கவ்விக்கொண்டு மணிக்கட்டைத் திருப்பிவிடும்.

மரை விஷயத்தில் கவனம். உன் பித்தான் என்.பி.டி., அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். பட்டறைகளில் கையில் கிடைக்கிற 1/8 டேப் (மரை வெட்டும் கருவி) பெரும்பாலும் பி.எஸ்.பி.யாக, அதாவது பிரிட்டிஷ் குழாய் மரையாக இருக்கும். அது 28 மரை, 55 டிகிரி. முதல் இரண்டு சுற்று போகும், பிறகு சிக்கிக்கொண்டு இரண்டையும் கெடுக்கும். டேப்பின் கழுத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடு. என்.பி.டி. கூம்பு மரை என்பதால் டேப்பை முழுவதும் இறக்காதே. அடிக்கடி வெளியே எடுத்துப் பித்தானைக் கையால் போட்டுப் பார். கையால் மூன்று நான்கு சுற்று போனால் போதும், மீதியை ஸ்பானர் பார்த்துக்கொள்ளும். மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசையைத் தடவு.

கடைசியில் காந்தத்தை விட்டுத் துழாவு, வேக்குவம் போடு, நூலைப் பிடித்துத் துணியை எடு. காந்தத்தை நம்புவதற்கு முன்பு அது உன் மேனிஃபோல்டில் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள். நிக்கல் அதிகம் சேர்த்த வார்ப்பும் ஸ்டெயின்லெஸ் குழாய் மேனிஃபோல்டும் காந்தத்தில் சரியாக ஒட்டாது. அப்படி இருந்தால் வேக்குவமும் துணியும்தான் துணை.

இரட்டைச்சக்கரம் எழுதியது:

நடுவில் என் கேள்வி ஒன்று. என்னுடையது புது வண்டி, புகையின் கரித்துகளைப் பிடிக்கும் துகள் வடிகட்டி உள்ளது. புகைக்குழாயில் கம்பெனியே வெப்ப சென்சார்கள் வைத்திருக்கிறது, ஸ்கேனரை மாட்டினால் எண்கள் வருகின்றன. தனியாக ஒன்று மாட்ட வேண்டுமா? சில நேரம் சும்மா சமதளத்தில் போகும்போதே 600 டிகிரி காட்டுகிறது, பயமாக இருக்கிறது.

சுழல்தண்டு எழுதியது:

எந்த சென்சாரின் எண் என்று பாருங்கள். வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் சென்சார் 600 காட்டினால், வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. தாமதமாக ஊற்றும் டீசல் டர்போவைத் தாண்டிப்போய் ஆக்ஸிடேஷன் கேட்டலிஸ்ட்டில் எரிந்து அந்த வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த நேரத்தில் டர்போவுக்கு முன்னால் அதைவிடக் குறைவாக இருக்கலாம். அந்த எண்ணை வைத்து பிஸ்டனைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஸ்கேனரில் டர்பைனுக்கு முன் என்று தனியாக ஓர் அளவு வந்தால் அதைப் பாருங்கள், அது போதும். உங்கள் வண்டியில் எஞ்சின் கம்ப்யூட்டரே டீசலைக் கட்டுப்படுத்துகிறது. அதை யாரும் மாற்றி எழுதாதவரை துளை போட வேண்டிய அவசியம் இல்லை. கேட்டலிஸ்ட், வடிகட்டி பக்கம் பைப்பில் எதையும் துளைக்காதீர்கள்.

ஏற்றப்பாதை எழுதியது:

அண்ணே, டர்போவை இறக்கி இரண்டு பக்கமும் மரை எடுத்தாகிவிட்டது. ஒரு ஸ்டட் மட்டும் முறிந்தது, நீங்கள் சொன்னபடி மேனிஃபோல்டில்தான், நட்டு வெல்டு அடித்து வெளியே எடுத்துவிட்டோம். நூல் கட்டிய துணியில் எவ்வளவு கருப்புத்தூள் ஒட்டியிருந்தது என்று பார்த்தபோதுதான் எஞ்சினை ஓடவிட்டுத் துளை போடாதது எவ்வளவு நல்லது என்று புரிந்தது. ஒயர் இணைக்கும் முன்பு ஒன்று கேட்க வேண்டும். சென்சாரில் மஞ்சள், சிவப்பு என இரண்டு ஒயர். சிவப்புதானே பிளஸ்? அப்புறம் கூட வந்த ஒயர் மீட்டர் வரைக்கும் எட்டவில்லை, சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டு போடலாமா?

சுழல்தண்டு எழுதியது:

இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில், தம்பி. அமெரிக்க முறை நிறத்தில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஐரோப்பிய முறையில் வந்திருந்தால் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தேகம் இருந்தால் ஒயர் நுனியைச் சீவி அங்கேயும் காந்தத்தை வைத்துப் பார். கே வகையில் மைனஸ் கம்பி காந்தத்தில் ஒட்டும், பிளஸ் கம்பி ஒட்டாது. மாற்றிக் கொடுத்தால் எஞ்சின் சூடாகச் சூடாக முள் கீழே போகும்.

செம்பு ஒயர் கூடாது. தெர்மோகப்பிள் கொடுக்கிற மின்னழுத்தம் மிகச் சின்னது, டிகிரிக்கு 40 மைக்ரோவோல்ட் சொச்சம்தான். இரண்டு வேறு உலோகம் சேரும் ஒவ்வொரு இடமும் தன் பங்குக்கு ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். எஞ்சின் பக்கத்துச் சூட்டில் செம்பு ஒட்டு இருந்தால் அங்கே எவ்வளவு சூடோ அவ்வளவும் கணக்கில் கெட்டுவிடும், வெயில் ஏற ஏற எண் மாறும். கே வகை நீட்டிப்பு ஒயர் என்றே கேட்டு வாங்கு. ஒட்டு போடும் இடம் மேனிஃபோல்டிலிருந்து தள்ளி இருக்கட்டும், மேலே கண்ணாடி நார் உறை போடு. ஸ்டார்ட்டர் ஒயரோடும் ஆல்டர்னேட்டர் ஒயரோடும் சேர்த்துக் கட்டாதே. மாட்டுவதற்கு முன்பு நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் நனைத்துப் பார், 100 டிகிரிக்குப் பக்கத்தில் காட்டினால் ஒயர் சரி.

ஏற்றப்பாதை எழுதியது:

மாட்டி முழு லோடில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. பின் மூன்று சிலிண்டர் பக்கம் கொஞ்சம் அதிகம் காட்டுகிறது, அங்கேயே வைத்துவிட்டேன். சமதளத்தில் 400ஐ ஒட்டி நிற்கிறது. மேட்டில் டாப் கியரிலேயே முழுவதும் மிதித்து இழுத்தால் 760ஐத் தொடுகிறது. நான் அப்படியே விடவில்லை, காலை எடுத்துவிட்டேன். ஒரு கியர் குறைத்து எஞ்சினைச் சுற்றவிட்டால் அதே மேட்டில், கிட்டத்தட்ட அதே வேகத்தில், 660க்கு இறங்கிவிடுகிறது. எவ்வளவு வரை போகலாம் அண்ணே? பம்பைக் குறைத்துவிடவா?

சுழல்தண்டு எழுதியது:

கியர் குறைத்ததும் இறங்குவது ஏன் என்றால், சுற்று கூடினால் பூஸ்ட்டும் காற்றும் கூடும், அதே வேலைக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கொஞ்சமாக டீசல் போதும். குறைந்த சுற்றில் டாப் கியரில் முக்கி முக்கி இழுப்பதுதான் புகையை அதிகம் கொதிக்க வைக்கும். உன் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் ஓர் எல்லை கொடுத்திருந்தால் அதுதான் சட்டம். கொடுக்கவில்லை என்றால் நீளமான மேட்டில் விடாமல் இழுக்க 700க்கு மேல் வேண்டாம். முந்திச் செல்லும்போது சில நொடி 750 வந்து இறங்கினால் பரவாயில்லை, அங்கேயே குடியிருக்கக் கூடாது.

பம்பை இப்போதே தொடாதே. முதலில் காற்றுப் பக்கம் பார். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார், இன்டர்கூலர் முகத்தில் அடைந்திருக்கும் தூசியையும் பூச்சியையும் பின்பக்கமிருந்து அடித்து வெளியே தள்ளு. பிறகு டர்போவிலிருந்து இன்டேக் வரை உள்ள ரப்பர் ஹோஸ் ஒவ்வொன்றிலும் சோப்பு நீர் தடவி, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் குமிழி வருகிறதா பார். கிளாம்ப் தளர்ந்து பூஸ்ட் கசிந்தால் இதே கரும்புகையும் இதே வெப்பமும் வரும். இன்ஜெக்ஷன் டைமிங் தாமதமாக இருந்தாலும் இப்படித்தான். பின் மூன்று அதிகம் காட்டுகிறது என்றாயே, அந்த மூன்று இன்ஜெக்டரையும் சோதிக்கக் கொடு. இவ்வளவும் சரியாக இருந்து அதே மேட்டில் 700ஐத் தாண்டினால் மட்டும் முழு மிதிப்பு டீசல் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஒவ்வொரு முறை குறைத்ததும் அதே மேட்டில், அதே லோடில், அதே கியரில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தடவை திருகைத் தொட வேண்டும்.